களனியை மிதித்துக் கடக்க

2021 நவம்பர் 24ஆம் திகதி களனி ஆற்றின் மேல் திறக்கப்பட்ட கல்யாணிப் பாலத்தை இரவு வெளிச்சத்தில் பார்ப்பவர் அதன் அழகை மறுக்கமாட்டார். ஜப்பானியக் கடனுதவியில் எழுந்த பாலம் அது. ஆறு ஒழுங்கைகள் கொண்டது. ஆற்றைத் தாண்டும் பிரதான பகுதி 380 மீற்றர். தாழ்ந்த கோபுரங்களிலிருந்து இறங்கும் வடங்களும் தடித்த கொங்கிறீற்றுத் தளமும் சுமையைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் அந்த வகைப் பாலம் இலங்கைக்குப் புதிது. கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, விமான நிலையப் பக்கமிருந்து விரைந்து வந்த வாகனங்கள் எல்லாம் பேலியகொடையில் வந்து தேங்கின. அந்தத் தேக்கத்தைப் பிரித்து, ஒரு பங்கை ஒருகொடவத்தைப் பக்கமும் மறு பங்கை இங்குருகடைச் சந்திப் பக்கமும் இறக்கிவிடுவதே புதிய பாலத்தின் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ இருந்து ஆற்றுக்கு அப்பால் வேலைக்குப் போகும் சைக்கிள்காரருக்கும் நடந்து போகிறவருக்கும் அது எதையும் மாற்றித் தரவில்லை. அவர்கள் இன்னமும் பக்கத்திலுள்ள பழைய பாலங்களில், கொள்கலன் லொறிக்கும் விளிம்புக் கல்லுக்கும் இடையில் கிடைக்கும் இடுக்கில்தான் ஆற்றைக் கடக்கிறார்கள். இதைக் கண்டு வருந்துபவர்கள் வழக்கமாகச் சொல்வது, புதிய பாலத்தில் அவர்களுக்கும் ஒரு பாதை வைத்திருக்க வேண்டும் என்பது. இந்தக் கட்டுரை அதற்கு உடன்படவில்லை. பாதை வரவேண்டிய இடம் பழைய பாலம். அது வரவேண்டிய காலம், புதிய பாலம் வாகனங்களை இழுத்துக்கொண்டிருக்கும் இந்தக் காலம். இதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பௌதிகவியலிலிருந்து வருகின்றன.

இந்த ஆற்றின் பாலக் கதையை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். 1822இல் கிராண்ட்பாஸில் படகுகளை அருகருகே கட்டி மேலே பலகை பரப்பிய மிதவைப் பாலம் போடப்பட்டது. தளம் நீர்மட்டத்தோடு ஒட்டியிருந்தது. ஆற்றுவழிப் படகுகள் போவதற்கு நடுவிலுள்ள சிலவற்றை விலக்கித் திறந்துவிடுவார்கள். அதுவரை கரையில் மாட்டு வண்டியும் காத்திருக்கும், துரையின் குதிரை வண்டியும் காத்திருக்கும். எல்லோருக்கும் ஒரே பலகை, ஏறக்குறைய ஒரே வேகம். 1895இல் இரும்பினாலான விக்டோரியா பாலம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. 1959இல் கொழும்பின் கிழக்குப் புறமாகக் கண்டி வீதிப் போக்குவரத்தைத் தாங்க இன்னொரு பாலம் வந்தது. 2021இல் வந்தது இப்போதைய வடப் பாலம். ஒவ்வொரு கட்டத்திலும் பாலம் அகன்றது, உயர்ந்தது, வேகம் கூடியது. கூடிய வேகம் யாருக்கு உதவியது, யாரை ஓரத்துக்குத் தள்ளியது என்ற கணக்கை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் இயக்க சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வாகனத்தை 50இல் வரும் அதே வாகனத்துடன் ஒப்பிட்டால், உடலில் வந்து இறங்கும் சக்தி கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கும் நாட்டில், நடந்து செல்வோர் அந்தப் பட்டியலில் பெரும் பங்காக இருப்பதற்குப் பின்னால் இந்த எளிய வர்க்கக் கணக்கும் இருக்கிறது.

பாலங்கள் மாறியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று கரையில் நடந்தது. புறக்கோட்டை சென்ட் ஜோன்ஸ் மீன் சந்தை ஆற்றைத் தாண்டிப் பேலியகொடைக்குப் போனது. 2020 நவம்பரில் மெனிங் சந்தைக்கான புதிய கட்டிடத் தொகுதியும் அங்கேயே திறக்கப்பட்டது. கொழும்பு உண்ணும் மீனுக்கும் மரக்கறிக்கும் மொத்த வாசல் இப்போது ஆற்றின் வடகரையில். நெரிசல் மிக்க புறக்கோட்டையை விடுவிக்க அது நல்ல முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் சந்தை இடம்பெயர்ந்த அளவுக்கு அதில் உழைக்கும் மனிதர்கள் இடம்பெயரவில்லை. மூட்டை தூக்கும் நாட்டாமிமார், தராசுக்கடை உதவியாளர்கள், பெட்டி கட்டிச் சென்று தெருத்தெருவாக மீன் விற்பவர்கள் என்று பலர் இன்னமும் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புளுமெண்டல், முகத்துவாரம், மட்டக்குளி வீடுகளில்தான் இருக்கிறார்கள். முன்பு அவர்கள் நடந்தே போன வேலைத்தலம் இப்போது நான்கைந்து கிலோமீற்றர் தூரத்தில், ஆற்றுக்கு அப்பால். மொத்தச் சந்தை விழித்திருப்பது பஸ் ஓடாத நேரத்தில். முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் அந்த நாள் கூலியில் ஒரு பகுதி போய்விடும். நான்கைந்து கிலோமீற்றர் என்பது சைக்கிளுக்கு மிகப் பொருத்தமான தூரம்: அவசரமில்லாமல் மிதித்தாலும் 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் பாலம் எடுப்பது ஓரிரண்டு நிமிடம்தான். ஆனால் முழுப் பயணமும் சாத்தியமா இல்லையா என்று தீர்மானிப்பது அந்த ஓரிரண்டு நிமிடம். தெருவில் ஒரு ஒழுங்கை ஆபத்தாக இருந்தால் பக்கத்து ஒழுங்கையால் போகலாம். ஆற்றுக்குப் பக்கத்து ஒழுங்கை இல்லை.

புதிய பாலத்தில் ஏன் பாதை வேண்டாம் என்பதற்கு வருவோம். சைக்கிள் மிதிப்பவர் மூன்று தடைகளை வெல்ல வேண்டும்: சில்லின் உருளல் உராய்வு, காற்று, ஏற்றம். 70 கிலோகிராம் மனிதரும் 15 கிலோகிராம் சைக்கிளும் சேர்ந்து சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றர் போக, முதல் இரண்டையும் வெல்வதற்கு ஏறக்குறைய 55 வாட் போதும். பயிற்சி இல்லாத ஒருவர் மணிக்கணக்காகக் கொடுக்கக்கூடிய வலு அது. இப்போது வீதியை நூற்றுக்கு ஐந்து என்ற சாய்வில் உயர்த்துங்கள். வேகத்தை 10 கிலோமீற்றராகக் குறைத்தாலும் தேவைப்படும் வலு 140 வாட்டைத் தாண்டுகிறது. அதில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் ஈர்ப்புக்கு எதிரான வேலை. பின்னால் 50 கிலோகிராம் மீன் பெட்டி கட்டியிருந்தால் 220 வாட். அதை நீண்ட நேரம் தாங்குவது பயிற்சி பெற்ற பந்தயச் சைக்கிள்காரருக்குத்தான் முடியும். மோட்டார் வாகனத்தின் எஞ்சினுக்கு இந்தச் சாய்வு ஒரு பொருட்டே இல்லை. சாரதி மிதியைச் சற்று அழுத்துகிறார், அவ்வளவுதான். ஆகவே அதிவேக நெடுஞ்சாலையைச் சந்திகளுக்கு மேலாக நகருக்குள் கொண்டுவரும் உயர்பாதையை வடிவமைக்கும் பொறியியலாளர், உயரத்தை இலவசப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறார். நெடிய உயர்பாதையில் ஏறி, மேலே காற்றுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் போய், மறுபடி இறங்குவது மனிதக் காலுக்குச் சரியான வழியல்ல. மேலும், இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் நடந்து செல்வோரும் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் அனுமதிக்கப்படுவதில்லை. அத்தகைய நெடுஞ்சாலையோடு நேரே கோக்கப்பட்ட பாலத்தில் ஒரு மெல்லிய பாதையைச் செருகினால் அது இரு முனையிலும் எங்கும் சேராமல் தொங்கும். பழைய பாலங்களோ தாழ்ந்தவை. கரை வீதியின் மட்டத்திலிருந்து பெரிதாக ஏறாமல் ஆற்றைத் தாண்டுகின்றன. மனிதக் காலுக்கு ஏற்ற பாலம் எது என்ற கேள்விக்குச் சாய்வுமானியே பதில் சொல்லிவிடுகிறது.

அடுத்தது இடக் கணக்கு. பாலத்தில் அகலம்தான் பொன். அங்கே மூன்று மீற்றர் அகலமுள்ள ஓர் ஒழுங்கையை எதற்குக் கொடுப்பது இலாபம்? அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் தன் வடிவமைப்புக் கையேட்டில் தரும் மதிப்பீடு இதற்கு உதவும். கார்கள் ஓடும் நகர ஒழுங்கை ஒன்று மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கடத்துகிறது. அடிக்கடி பஸ் ஓடினால் அது 2,800 வரை உயரலாம். அதே அகலத்தைத் தடுப்பிட்ட இருவழிச் சைக்கிள் பாதையாக்கினால் 6,500 முதல் 7,500 பேர். நடைபாதையாக்கினால் 8,000 முதல் 9,000 பேர். இவை கொள்ளளவுகள். நாளைக்கே அத்தனை பேர் வந்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் விகிதம் தெளிவு: ஒன்றரை மனிதரைச் சுமக்க ஒரு தொன்னுக்கு மேற்பட்ட உலோகம் எட்டு மீற்றர் இடத்தைப் பிடிக்கும்போது, ஒரு மனிதர் ஒரு சைக்கிளில் இரண்டு மீற்றருக்குள் அடங்கிவிடுகிறார். கொல்கத்தாவின் ஹவுரா பாலம் இதற்குக் கண்கண்ட சாட்சி. 1943இல் அதைத் திறந்தபோது இரு புறமும் ஏறத்தாழ 4.6 மீற்றர் அகல நடைபாதை வைத்தார்கள். இன்று அதில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் வாகனங்கள் போகின்றன என்றால், நடந்து போவோர் அதைவிட அதிகம். தலையில் கூடை சுமந்து பூச்சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிறவர்கள். அந்த நடைபாதைகளை இன்று யாராவது வாகனங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டால் ஹவுரா நிலையம் பாதி நகருடன் தொடர்பிழக்கும். காலனி அரசு மக்கள்மீது வைத்த அன்பினால் அந்த அகலம் வரவில்லை. அங்கே நடப்பவர்களை எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பழைய பாலம் ஆள் கூட்டத்தைத் தாங்குமா என்ற ஐயம் நியாயமானது. சாதாரண எண்ணத்துக்கு மாறாக, நெருக்கமாக நிற்கும் மனிதர் கூட்டம் காரைவிடப் பாரமானது. 1987 மே 24ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேற் பாலத்துக்கு 50 வயது நிறைந்ததைக் கொண்டாட, காலையில் வாகனங்களை நிறுத்தி மக்களை விட்டார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் அசையமுடியாமல் பாலத்தில் நெருங்கி நின்றபோது, நடுவில் மேல்நோக்கி வளைந்திருந்த தளம் தட்டையாகிப்போனது. அந்தப் பாலம் அதற்கு முன்பு அப்படி ஒரு சுமையைக் கண்டதில்லை. பொறியியல் விதிகள் இதை முன்பே கணக்கிட்டிருக்கின்றன: நெருக்கமான கூட்டத்துக்கு ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 500 கிலோகிராம் என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று மீற்றர் அகலப் பாதையில் அது பாலத்தின் நீளத்தில் மீற்றருக்கு 1.5 தொன். இப்போது அதே ஒழுங்கையில் இன்று நெரிசலில் நிற்பதைப் பார்ப்போம்: 10 மீற்றர் நீளமும் 25 தொன் எடையும் உள்ள லொறிகள் முட்டிக்கொண்டு நின்றால் மீற்றருக்கு 2.5 தொன். அதாவது மிக மோசமான கூட்டத்திலும் பாலத்தின் பாரம் கூடாது, குறையும். அதைவிட முக்கியம், லொறியின் பாரம் சில அச்சுகளில் குவிந்து, நாள் முழுக்க அடித்து அடித்து இறங்குகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோயில் நடந்த பெரும் வீதிப் பரிசோதனை, வீதி மேற்பரப்புக்கு ஏற்படும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது என்று காட்டியது. 10 தொன் அச்சு, 50 கிலோகிராம் தாங்கும் சைக்கிள் சில்லைவிட 200 மடங்கு பாரமானது. சேதமோ 160 கோடி மடங்கு. இந்த விதியைத் துல்லியமான கணிதமாக எடுக்கவேண்டியதில்லை, சைக்கிள் பாதைக்குப் பராமரிப்புச் செலவு வெயிலாலும் மழையாலும்தான் வரும் என்று புரிந்துகொண்டால் போதும். அறுபது வயது கடந்த பாலத்துக்கு ஓர் ஒழுங்கை ஓய்வு கொடுப்பது அதன் ஆயுளை நீட்டும் வேலையும்கூட.

பழைய பாலத்தைத் தொடாமல், நடப்போருக்கென்று மெல்லிய தனிப் பாலம் ஒன்று கட்டினால் என்ன? படத்தில் அழகாக இருக்கும். திறப்பு விழாவுக்கும் ஏற்றது. ஆனால் மெல்லிய பாலங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. லண்டனில் தேம்ஸ் நதிமேல் கட்டிய மிலேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10ஆம் திகதி திறக்கப்பட்டு இரண்டே நாளில் மூடப்பட்டது. நடக்கும்போது நாம் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். இடது கால், வலது கால் என்று மாறும்போது உடல் பக்கவாட்டில் செக்கனுக்கு ஒருமுறை ஊசலாடுகிறது. பாலத்தின் இயல்பான பக்க அதிர்வும் அதே அளவில் இருந்தது. சிறிதே அசைந்த தளத்தில் விழாமலிருக்க மக்கள் தம்மையறியாமல் அதன் தாளத்துக்குக் கால் வைத்தார்கள். அது அசைவைப் பெருக்கியது. பெருகிய அசைவு இன்னும் பலரைத் தாளத்துக்குள் இழுத்தது. எவரும் அணிவகுக்கச் சொல்லாமலே ஒரு கூட்டம் அணிவகுத்தது. அதிர்வு தணிப்பான்கள் பூட்டி, 2002 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இந்தக் கோளாறு எந்த நடைபாலத்துக்கும் விதிக்கப்பட்டதல்ல, இப்போது அதைத் தவிர்க்கத் தெரியும். ஆனால் தவிர்ப்பதற்குப் பணம் வேண்டும், ஆற்றில் புதிய தூண்கள் வேண்டும், வெள்ளக் காலத்தில் களனி கொண்டுவரும் மரங்களையும் குப்பையையும் அந்தத் தூண்கள் தாங்கவும் வேண்டும். ஆயிரக்கணக்கான தொன் திணிவோடு ஏற்கனவே அசையாமல் நிற்கும் ஒரு பாலம் பக்கத்தில் இருக்கும்போது, கடனில் மூழ்கிய நாடு ஒன்று இன்னொன்றைக் கட்டுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

வாகனம் ஓட்டுவோரின் ஆட்சேபத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஏற்கனவே காலையில் பேலியகொடையிலிருந்து பேஸ்லைன் வீதிவரை நகர முடியவில்லை, இதில் ஓர் ஒழுங்கையையும் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். இதே கேள்வி கனடாவின் வன்கூவர் நகரில் பரார்ட் பாலத்தில் எழுந்தது. 2009 ஜூலையில் அங்கே ஓர் ஒழுங்கையைத் தடுப்புக் கட்டிச் சைக்கிளுக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுத்தபோது, நகரமே ஸ்தம்பிக்கும் என்று எதிர்வு கூறினார்கள். காரின் பயண நேரம் பெரிதாக மாறவில்லை, பரீட்சார்த்தம் நிரந்தரமானது. நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்திலும் 2021 செப்டெம்பரில், நடப்போரும் சைக்கிளும் இடித்துக்கொண்ட மேல் மரப்பாதையை நடப்போருக்கே விட்டு, கார் ஒழுங்கை ஒன்றைச் சைக்கிளுக்கு மாற்றினார்கள். தனித்தனி உதாரணங்களை எவரும் பொறுக்கி எடுக்கலாம் என்பது உண்மை. அதனால்தான் பிரித்தானிய ஆய்வாளர்களான கெய்ர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின் மூவரும் 11 நாடுகளில் சுமார் 70 இடங்களைத் தொகுத்துப் பார்த்தது முக்கியமாகிறது. வீதி இடம் குறைக்கப்பட்ட இடங்களில், சுற்று வீதிகளையும் சேர்த்து எண்ணியபோது, வாகன ஓட்டத்தின் இடைநிலைக் குறைவு ஏறக்குறைய 11 வீதம். வாகனங்கள் வேறு தெருவுக்கு ஓடி ஒளியவில்லை. சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் பயணங்களைச் சேர்த்துச் செய்தார்கள், சிலர் பஸ் ஏறினார்கள். இதன் மறுபக்கத்தை டுரான்டனும் டர்னரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: அமெரிக்க நகரங்களில் வீதி நீளம் கூடிய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடியது. அப்படியானால் புதிய பாலத்தின் ஆறு ஒழுங்கைகளால் பழைய பாலங்களில் கிடைத்த ஆறுதலும் நிலைக்காது. புதிய வாகனங்கள் அதை நிரப்பும். நிரம்பிய பிறகு ஓர் ஒழுங்கையை எடுப்பது எந்த அமைச்சருக்கும் இயலாத காரியம். இப்போது அது கடினம், ஆனால் முடியும்.

சைக்கிள்காரர்களே இல்லாத ஊருக்குச் சைக்கிள் பாதை எதற்கு என்பது இன்னோர் ஆட்சேபம். கொழும்பில் சைக்கிள் ஏழ்மையின் அடையாளமாகச் சுருங்கிப்போனது உண்மைதான். ஆனால் தேவை மறைந்திருப்பதும் இல்லாமலிருப்பதும் வேறு வேறு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணம், பெற்றோல் இல்லாமலே பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் சைக்கிளில் ஓடியது. விறகும் நெல்லும் நோயாளியும் அதில்தான் போனார்கள். அங்கிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இன்று குடியிருப்போரில் பலருக்கு அது வாழ்ந்த நினைவு. 2022 ஜூன் கடைசியில் அரசாங்கம் அத்தியாவசியச் சேவைகள் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையை நிறுத்தியபோது கொழும்பும் சைக்கிளைத் தேடியது. கடைகளில் தட்டுப்பாடு வந்தது, விலை பல மடங்கு ஏறியது, அலுவலக உடையோடு காலி வீதியில் மிதித்தவர்களைப் பத்திரிகைகள் படம் பிடித்தன. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து பெற்றோல் வரிசை குறைந்ததும் அவர்களும் குறைந்தார்கள். சைக்கிள் பழுதாகிப் போனதால் அவர்கள் விடவில்லை. வெறிச்சோடியிருந்த வீதிகளில் மறுபடி பஸ்கள் பந்தயம் ஓடத் தொடங்கியதால் விட்டவர்கள் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். பயம் குறைந்த சில வாரங்களில் தேவை வெளியே தலைகாட்டியது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

வெயிலும் மழையும் என்பார்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்க்காமல் எதுவும் செய்ய முடியாது, பஸ்ஸுக்குக் காத்து நிற்பது உட்பட. சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றரில் மிதிப்பவரின் உடல் செலவிடும் மொத்தச் சக்தி, விரைந்து நடப்பவரின் செலவை விடப் பெரிதல்ல. தசைகள் கொடுக்கும் 55 வாட் வேலைக்கு உடல் எரிப்பது 250 வாட் அளவில். ஆனால் சைக்கிள்காரர் தன் வேகத்தாலேயே செக்கனுக்கு நான்கு மீற்றர் காற்றைத் தனக்கு உண்டாக்கிக்கொள்கிறார், நடப்பவருக்கு அதில் மூன்றிலொரு பங்கே கிடைக்கும். வியர்வை ஆவியாவதற்கு அந்தக் காற்றுத்தான் தேவை. உடம்பைச் சூடாக்குவது ஏற்றமும், சமிக்ஞை விளக்கில் அசையாமல் நிற்பதும். இரண்டும் வடிவமைப்பால் குறைக்கக்கூடியவை. மழையைப் பொறுத்தவரை, கொழும்பு அளவுக்கே நனையும் சிங்கப்பூர் கூரையிட்ட நடைபாதைகளைக் கிலோமீற்றர் கணக்கில் போட்டிருக்கிறது. பாலத்தில் முழுக் கூரை காற்றுச் சுமையைக் கூட்டும், வேண்டாம். இரு முனைகளிலும் ஒதுங்க இடம் போதும். பெய்வது பெரும்பாலும் அரை மணிநேரத்து மாலை மழை.

உண்மையிலேயே கஷ்டமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை: மோட்டார் சைக்கிள். தடுப்புக் கட்டிய பாதை ஒன்று காலியாகத் தெரிந்தால் முதல் வாரத்திலேயே அதற்குள் மோட்டார் சைக்கிள்கள் நுழையும். குறுக்கே கட்டை நட்டு மறிக்கலாம் என்றால், சக்கர நாற்காலியும் மரக்கறித் தள்ளுவண்டியும் போகக்கூடிய எந்த இடைவெளியிலும் மோட்டார் சைக்கிளும் போகும். வடிவியலால் தீர்க்க முடியாத சிக்கல் இது. பாதையை வீதி மட்டத்திலிருந்து உயர்த்தலாம், நுழைவாயிலைக் கூர்மையாக வளைத்து வேகத்தைக் கொல்லலாம், கமராவும் தண்டமும் வைக்கலாம். எல்லாம் சேர்ந்தாலும் முழுத் தீர்வு கிடையாது. பயன்படுத்துவோர் கூட்டம்தான் கடைசியில் காவல். நிறைந்த பாதைக்குள் நுழைய மோட்டார் சைக்கிள்காரருக்கே பொறுமை இருக்காது. ஆகவே முதல் மாதங்களில் பொலிசார் நிற்க வேண்டும் என்பதைத் திட்டச் செலவிலேயே எழுதிவிடுவது நேர்மை.

பாலத்தின் நடுப்பகுதியைவிட இரு முனைகளும்தான் பணத்தைத் தின்னும். சிட்னித் துறைமுகப் பாலத்தின் மேற்கு விளிம்பில் அருமையான சைக்கிள் பாதை உண்டு. பல பத்தாண்டுகளாக அதன் வட முனையில் இறங்க 55 படிகள்தான் இருந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மீற்றர் பாதையின் மதிப்பை அந்தப் படிகளே தீர்மானித்தன. களனியிலும் பாதை பேலியகொடைச் சந்தி நடுவில் போய் முடிந்தால் அது வீண். சந்தை வாசல்வரை ஒரு முனையும், மறுமுனை கிராண்ட்பாஸ் வழியாக ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தை, ஜம்பட்டா வீதி வரையிலும் தொடர வேண்டும். அங்கே தெருக்கள் ஒடுங்கியவை, வேகம் தானாகவே குறைவு, பெரிய கட்டுமானம் தேவையில்லை. இதே விதி சிறிய அளவில் வெள்ளவத்தையிலும் தெரியும். தெஹிவளையிலிருந்து கோட்டைவரை கரையோரம் முழுவதும் சமதரை, சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். ஆனால் அங்குள்ள கால்வாயைக் கடக்கும் இடத்தில் வாகனங்கள் ஒடுங்கிய வாயிலுக்குள் நெருக்கி நுழைகின்றன. நகரின் சைக்கிள் வரைபடத்தைப் போட நினைக்கும் மாநகர சபை, முதலில் தெருக்களை விட்டு, இப்படிப்பட்ட கடவைகளை மட்டும் ஒரு தாளில் குறித்துப் பார்க்கலாம். அந்தத் தாள் மிகச் சிறியதாக இருக்கும்.

பாலத்தில் செய்ய வேண்டியவை நுட்பமானவை, மலிவானவை. தளங்கள் வெப்பத்தில் விரிய விடப்பட்ட இணைப்பு இடைவெளிகள் ஒல்லியான சில்லை விழுங்கக்கூடியவை; பாதை அகலத்துக்கு அவற்றின்மேல் சொரசொரப்பான தகடு போட வேண்டும். மழைநீர் வடிகாலின் கம்பிகள் பயணத் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். சைக்கிளில் இருப்பவரின் புவியீர்ப்பு மையம் நடப்பவருடையதைவிட உயரத்தில் இருப்பதால், இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர் அவரைத் தடுக்காது, ஆற்றுக்குள் தள்ளிவிடும், 1.4 மீற்றர் வேண்டும். வெளிச்சத்தை மாலை உலாவுக்கு அமைக்காமல், நாட்டாமிமார் கடக்கும் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு அமைக்க வேண்டும். இதில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. கொங்கிறீற்றுத் தடுப்புக் கட்டைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் ஏற்கனவே இருப்பவை. வன்கூவரும் அப்படிக் கட்டைகளால்தான் தொடங்கியது. ஆறு மாதத்துக்குப் பாலத்தின் ஓர் ஒழுங்கையை மறித்து, இரு முனையிலும் ஆள் வைத்து எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதை வறண்ட ஜனவரியில் தொடங்காமல் தென்மேல் பருவமழை இறங்கும் மே மாதத்தில் தொடங்குவது நல்லது. மழையிலும் நின்ற எண்ணிக்கையை எந்த அதிகாரியும் மறுக்க முடியாது.